மாற்றுக் குறையாத காசு பட்ட பாடு



தங்கம் விலை ஏறும்போதெல்லாம் நமக்கு வரும் கடிதங்களின் சாயலும் மாறிவிடுகிறது. இப்போது வாங்கலாமா, பொறுத்திருந்து வாங்கலாமா, நகையாக வாங்குவதா, நாணயமாக வாங்குவதா என்று கேட்கிறார்கள். இதற்கெல்லாம் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. விவரம் தெரிந்தவர் எழுதிய கட்டுரை உள்ளே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் பேச நினைப்பது யாரும் இனி அடிக்க முடியாத தங்கத்தைப் பற்றி. இந்த இதழின் சேகரிப்போர் பகுதிக்காகப் படிக்கத் தொடங்கி, பகுதி அச்சுக்குப் போன பிறகும் விட மனமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கா தனி நாடான புதிதில் அடித்த தங்கக் காசுகளின் கதை அது.

1822-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நாணயச்சாலை 17,796 ஐந்து டாலர் தங்கக் காசுகளை அடித்ததாகக் கணக்கேடு சொல்கிறது. அந்த ஆண்டைத் தாங்கிய காசுகளில் இன்று இருப்பதாகத் தெரிவது மூன்றே மூன்று. இரண்டு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்றாவது 2021 மார்ச்சில் ஏலத்துக்கு வந்து 84 லட்சம் டாலருக்குப் போனது. மற்றவையெல்லாம் எங்கே? கப்பலோடு மூழ்கவில்லை, கொள்ளை போகவில்லை, யாரும் புதைத்து வைத்துவிட்டு மறந்துபோகவும் இல்லை. உருக்கிவிட்டார்கள். உருக்கியவர்கள் திருடர்களும் அல்லர். கணக்கு நன்றாகத் தெரிந்த வியாபாரிகள், வங்கிக்காரர்கள், கடைசியில் அரசாங்கமே.

அந்தக் கணக்கு என்ன என்று பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடத்துக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

புதிய நாட்டின் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791-இல் நாணயச்சாலை பற்றிய தம் அறிக்கையைக் காங்கிரசுக்குக் கொடுத்தார். அதை அடியொற்றி 1792 ஏப்ரல் 2-ஆம் தேதி சட்டம் வந்தது. தங்கமும் வெள்ளியும் இரண்டும் செல்லும். ஒரு பங்கு தங்கம் பதினைந்து பங்கு வெள்ளிக்குச் சமம் என்று சட்டத்தில் எழுதிவைத்தார்கள். அதன்படி ஒரு வெள்ளி டாலரில் ஏறத்தாழ 24 கிராம் சுத்த வெள்ளி. 'ஈகிள்' என்ற பத்து டாலர் காசில் ஏறத்தாழ 16 கிராம் சுத்தத் தங்கம். பத்து வெள்ளி டாலரில் 240 கிராம் வெள்ளி. 16-ஐப் பதினைந்தால் பெருக்கினாலும் 240. கணக்கு சரியாக வருகிறது.

சரியாக வந்தது அமெரிக்காவுக்குள் மட்டும்தான். பிரான்சில் அதே ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்தரைப் பங்கு வெள்ளி கொடுத்தார்கள். பிலடெல்பியாவில் 240 கிராம் வெள்ளியைக் கொடுத்து ஒரு ஈகிளை வாங்கிக் கப்பலேற்றினால், பாரிசில் 248 கிராம் வெள்ளி கிடைக்கும். நூற்றுக்கு மூன்றுக்கு மேல் லாபம். கப்பல் கூலி, காப்பீடு போக மிஞ்சுவது முதலில் சொற்பம்தான். நெப்போலியன் போர்கள் ஓய்ந்து, 1821-இல் இங்கிலாந்து மறுபடி தங்கத்துக்கு மாறியபோது ஐரோப்பாவில் தங்கத்துக்கு அலைமோதல் ஏற்பட்டது. அதன்பின் மிஞ்சுவது சொற்பமாக இல்லை. நாணயச்சாலையின் வாசலில் சூடு ஆறுமுன் காசுகள் துறைமுகத்துக்குப் போயின. அங்கிருந்து ஐரோப்பிய உருக்குக் கூடங்களின் மூசைக்குள்.

வெள்ளிக்கு வேறு திசை. 1784-இல் பிலடெல்பியாவிலிருந்து கிளம்பிய 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் அந்த ஆண்டின் கடைசியில் நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது. இந்தியக் கரைக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அது. அதற்குப் பிறகு ஆசியாவுக்கு வந்த அமெரிக்க வணிகர்கள் துணிக்கும் தேயிலைக்கும் மிளகுக்கும் விலையாகக் கொண்டுவந்தது பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளி டாலர்களை. ஆசியாவுக்கு வெள்ளி, ஐரோப்பாவுக்குத் தங்கம் என்று போய்க்கொண்டிருக்க, அமெரிக்கர்கள் தங்கள் ஊர்ச் சந்தையில் மெக்சிகோவிலும் பெருவிலும் அடித்த ஸ்பானியக் காசுகளைப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் காசு அங்கே சட்டப்படி செல்லுபடியாவது 1857-இல்தான் நின்றது.

எனக்கு இதில் பிடித்த முரண் இதுதான். இந்தக் காசில் குறை என்று ஒன்றுமில்லை. மாற்றில் குறையில்லை, எடையில் குறையில்லை. தன் முகமதிப்பைவிட அதிகம் பெறும் தங்கத்தை வயிற்றில் சுமந்துகொண்டிருந்ததுதான் அது செய்த பிழை. கள்ளக் காசாக இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

இப்போது ஒரு காசைக் கையில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 1795-ஆம் ஆண்டின் ஐந்து டாலர் காசு, 'ஹாஃப் ஈகிள்'. எடை 8.75 கிராம்; நாம் பவுன் என்று வாங்கும் எட்டு கிராமைவிட முக்கால் கிராம் கூடுதல். மாற்று நமக்குப் பழகிய 22 காரட்தான்: பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம். அகலம் 25 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் சுதந்திர தேவி, வலப்பக்கம் பார்த்தபடி. தலையில் மடிப்பு மடிப்பாக உயர்ந்த தொப்பி, கீழே அவிழ்ந்து விழும் கூந்தல். ராபர்ட் ஸ்காட் என்ற செதுக்குக் கலைஞரின் கைவேலை. சுற்றிலும் நட்சத்திரங்கள். பின்பக்கத்தில் ஒரு கழுகு, பனை ஓலை ஒன்றின் மேல் நின்று சிறகை விரித்து, அலகில் இலை வளையம் ஒன்றைக் கவ்விக்கொண்டிருக்கிறது. கம்பீரம் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் ஒல்லி, பசித்த பறவை மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்திலேயே அது பலருக்குப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் மார்பில் கேடயம் தாங்கிய பெரிய கழுகு அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

இந்தக் காசை எவ்வளவு திருப்பிப் பார்த்தாலும் இது எத்தனை டாலர் என்று எங்கும் எழுதியிருக்காது. வாங்குகிறவன் தராசில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவான், எழுதி என்ன பயன் என்று விட்டுவிட்டார்கள். 1807-இலிருந்துதான் தங்கக் காசில் மதிப்பு எழுதினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் முகமும் இல்லை. குடியரசுத் தலைவரின் தலையைப் போடலாம் என்று செனட் சபை சொன்னது. அரசர்கள் செய்கிற வேலை அது என்று கீழ்ச்சபை மறுத்து, சுதந்திர தேவியைப் போடச் சொல்லிவிட்டது. நட்சத்திரங்களை எண்ணுங்கள். 1795-இல் பதினைந்து மாநிலங்கள், பதினைந்து நட்சத்திரங்கள். 1796-இல் டென்னசி சேர்ந்ததும் பதினாறு ஆயிற்று. இப்படிப் போனால் காசில் இடம் போதாது என்று உணர்ந்து, ஆதி மாநிலங்களின் கணக்கான பதின்மூன்றுக்குத் திரும்பிவிட்டார்கள்.

சட்டம் வந்தது 1792-இல், தங்கக் காசு வந்தது 1795-இல். நடுவில் மூன்று ஆண்டு ஏன்? தங்கத்தையும் வெள்ளியையும் கையாளும் தலைமைக் காசடிப்பவரும், மாற்றுக் காணும் அதிகாரியும் ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் ஜாமீன் கட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. அவர்கள் சம்பளமோ வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு டாலர். எங்கே போவார்கள்? 1794-இல் காங்கிரஸ் ஜாமீன் தொகையைக் குறைத்தது. வெள்ளி டாலர் அந்த அக்டோபரில் வந்தது. தங்கம் இன்னும் தாமதித்து, 1795 ஜூலை 31-ஆம் தேதி முதல் தவணையாக 744 ஐந்து டாலர் காசுகளாக வெளியே வந்தது. அப்போது நாணயச்சாலையின் இயக்குநர் ஹென்றி டிசாசூர். சில மாதங்களே பதவியில் இருந்தார். தங்கத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவதை முதல் வேலையாக வைத்துக்கொண்டு அதை முடித்தும் காட்டினார்.

கையில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்ன காசைக் கீழே வைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். தேவியின் கூந்தலிலோ விளிம்பிலோ இணை இணையாக மெல்லிய கீறல்கள் தெரியலாம். புதிதாகச் சேகரிக்க வருகிறவர் முகம் சுளிப்பார், யாரோ கீறிவிட்டார்கள் என்று. அது நாணயச்சாலைக்குள்ளேயே விழுந்த அரத்தின் தடம். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த ஒவ்வொரு வில்லையையும் காசு அடிப்பதற்கு முன் தராசில் நிறுத்தார்கள். எடை குறைந்தது மீண்டும் மூசைக்குப் போகும். கூடியதை அரத்தால் ஓரிரு இழுப்பு இழுத்துச் சரிசெய்வார்கள். 1795-இல் இந்த வேலைக்கு எடுத்தவர்களில் சாரா வால்டிரேக், ரேச்சல் சம்மர்ஸ் என்ற இரண்டு பெண்கள் உண்டு. நாள் கூலி ஐம்பது சென்ட். பத்து நாள் வேலைசெய்தால்தான் கையிலிருக்கும் அந்த ஒற்றைக் காசுக்கு அவர்கள் கூலி சமமாகும். பிறகு திருகு அச்சில் வைத்து அடிக்கும்போது அடி பலமாக விழுந்த இடத்தில் கீறல் மறையும், மேலோட்டமாக விழுந்த இடத்தில் தங்கிவிடும். இருநூற்று முப்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு பெண்ணின் மணிக்கட்டு அசைவு அந்தக் காசில் இருக்கிறது. முகம் சுளிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஏலக்காரர்கள் மட்டும் அதைக் காட்டி விலையைக் குறைக்கிறார்கள்.

நிறமும் காசுக்குக் காசு வேறுபடும். பன்னிரண்டில் ஒரு பங்கு கலப்பில் செம்பும் இருக்கலாம், வெள்ளியும் இருக்கலாம், வெள்ளி பாதிக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் சட்டம். வெள்ளி தூக்கலாக விழுந்த காசு லேசான பச்சை கலந்த மஞ்சள். செம்பு தூக்கலானால் சிவப்பு. நம் பத்தர்களிடம் காட்டினால் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

தங்கம் எங்கிருந்து வந்தது? யார் வேண்டுமானாலும் தங்கத்தை நாணயச்சாலையில் கொண்டுபோய்க் கொடுத்துக் காசாக வாங்கிக்கொள்ளலாம். வந்ததில் பெரும்பகுதி அயல்நாட்டுக் காசுகள். உள்நாட்டுத் தங்கம் கிடைத்த கதை வேடிக்கையானது. 1799-இல் வட கரோலினாவில் கான்ராட் ரீட் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஓடையில் மீன் பிடிக்கப் போய், மஞ்சளாக மின்னிய பதினேழு பவுண்டுக் கல் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்தான். வீட்டார் அதைக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க முட்டுக்கல்லாக மூன்று ஆண்டு வைத்திருந்தார்கள். 1802-இல் நகை வியாபாரி ஒருவர் என்ன விலை என்று கேட்க, அப்பா மூன்றரை டாலர் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த முட்டுக்கல்லின் உண்மை மதிப்பு ஆயிரக்கணக்கில். 1828 வரை நாணயச்சாலை காசடித்த அமெரிக்க மண்ணின் தங்கம் முழுவதும் வட கரோலினாவிலிருந்தே வந்தது.

நாணயச்சாலையே ஒரு சின்னக் கூட்டம்தான். பிலடெல்பியாவின் ஏழாம் தெருவில் சில செங்கல் கட்டடங்கள். உலோகத் தகடு உருட்டக் குதிரைகள், காசு அடிக்க மனிதக் கைகள். இரவுக் காவலுக்கு மூன்று டாலருக்கு வாங்கிய நீரோ என்ற நாய். கோடைகளில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஊரையே காலிசெய்யும். நாணயச்சாலையும் கதவைச் சாத்தும். நல்ல எஃகு கிடைப்பது அரிது என்பதால் பழைய ஆண்டு பொறித்த அச்சையும் தூக்கிப் போடமாட்டார்கள். 1795 என்று பொறித்து, பின்பக்கத்தில் பெரிய கழுகுள்ள ஐந்து டாலர் காசுகள் இருக்கின்றன. அந்தப் பெரிய கழுகு 1795-இல் பிறக்கவே இல்லை. 1798 வாக்கில், கையில் கிடைத்த பழைய முன்பக்க அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் சேர்த்து அடித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

ஆண்டை நம்பாதே என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் 1804-ஆம் ஆண்டின் பத்து டாலர் காசு. ஏற்றுமதிக்குத்தானே போகிறது என்று சலித்து, 1804-ஓடு பத்து டாலர் காசு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசு கொண்டுபோக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எல்லாவகைக் காசுகளும் அடங்கிய பேழை ஒன்று பரிசில் இருக்கட்டும் என்று உத்தரவு. பத்து டாலர் காசு வழக்கில் இல்லை. கணக்கேட்டைப் புரட்டினார்கள், கடைசி ஆண்டு 1804. சரி, அதே ஆண்டைப் பொறித்துப் புதிதாக அச்சு வெட்டி அடித்துப் பேழையில் வைத்துவிட்டார்கள். அசல் 1804 காசில் '4' என்ற எண்ணின் கிடைக்கோட்டு முனையில் சின்னக் குறுக்குக் கோடு உண்டு. அரசர்களுக்குப் போனதில் இல்லை. பல கோடி ரூபாய் வேறுபாடு அந்தக் குந்துமணி அளவுகூட இல்லாத கோட்டில் நிற்கிறது. ராபர்ட்ஸ் சயாமில் பேழையைக் கொடுத்துவிட்டு, 1836-இல் மக்காவ் நகரில் நோய் கண்டு இறந்துபோனார்.

நாணயச்சாலை வருவதற்கு முன்பே தங்கக் காசு அடித்த ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். நியூயார்க் நகரத்துத் தட்டார் எஃப்ரைம் பிராஷர். பிறகு வாஷிங்டன் குடியரசுத் தலைவராகி செர்ரி தெருவில் குடியிருந்தபோது இவர் அண்டை வீட்டுக்காரர். 1787-இல் 'டபுளூன்' என்ற ஸ்பானியத் தங்கக் காசின் எடைக்குக் காசு அடித்து, கழுகின் சிறகில் தம் பெயரின் முதலெழுத்துகளை முத்திரையாகக் குத்தினார். ஊரில் வெளிநாட்டுக் காசின் மாற்றில் சந்தேகம் வந்தால் இவரிடம் கொண்டுபோவார்கள். பார்த்துவிட்டு அதே முத்திரையைக் குத்திக் கொடுப்பார். ஆள் பெயரே அரசாங்க முத்திரைபோல் செல்லுபடியான காலம். முத்திரை சிறகில் விழுந்த காசுகள் ஒரு கை விரல்களைச் சற்றே தாண்டும். மார்பில் விழுந்தது ஒன்றே ஒன்று. சிறகில் முத்திரையுள்ள ஒன்று 2021 ஜனவரியில் 93.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. துப்பறியும் கதை படிப்பவர்களுக்கு ரேமண்ட் சாண்ட்லரின் 'தி ஹை விண்டோ' நாவல் நினைவிருக்கும். அதில் களவு போகும் காசு இதுதான்.

உருக்கும் கதைக்குத் திரும்புவோம். 1834-இல் காங்கிரசுக்குப் புத்தி வந்தது. தங்கத்தின் மதிப்பைப் பதினாறு பங்கு வெள்ளியாக உயர்த்தி, ஒவ்வொரு காசிலும் தங்கத்தை நூற்றுக்கு ஆறுக்கு மேல் குறைத்தார்கள். ஆகஸ்டிலிருந்து வந்த புதிய காசைப் பழையதிலிருந்து பிரித்தறிய, கழுகின் தலைக்குமேல் இருந்த லத்தீன் வாசகப் பட்டையை எடுத்துவிட்டார்கள். நோய்க்கு மருந்து சரியானதுதான். புதிய காசுகள் ஊரில் தங்கின, மக்கள் கையில் புழங்கின. தப்பிப் பிழைத்திருந்த பழைய காசுகளின் கதை அத்தோடு முடிந்தது. பழைய ஐந்து டாலர் காசில் இப்போது ஐந்து டாலர் 33 சென்ட் தங்கம். பெட்டிக்கடியில் ஒன்றிரண்டு வைத்திருந்தவர்கூட எடுத்துக்கொண்டு ஓடினார். முன்பு பாரிசுக்குப் போய் உருகியது, இப்போது பிறந்த வீடான நாணயச்சாலைக்கே வந்து உருகியது.

சேகரிக்கிறவர்கள் அப்போது இல்லையா? விரல்விட்டு எண்ணலாம். ஒருநாள் கூலி ஒரு டாலரைத் தொடாத நாட்டில் ஐந்து டாலரை அழகு பார்க்க வைத்துக்கொள்ள யாரால் முடியும்? இருந்தவர்களும் செப்புக் காசையே தேடினார்கள். நாணயச்சாலையின் தலைமைக் காசடிப்பவர் ஆடம் எக்ஃபெல்ட் மட்டும், ஒவ்வொரு வகையிலும் நல்லதாக ஒன்றை எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர். உருக்க வந்த குவியலிலும் வித்தியாசமானது கண்ணில் பட்டால் ஒதுக்கிவைப்பார். அவர் சேர்த்ததைக் கொண்டு 1838-இல் நாணயச்சாலை ஓர் அருங்காட்சிப் பேழையைத் தொடங்கியது. 1923-இல் அது ஸ்மித்சோனியனுக்குப் போனது. அங்கே இருக்கும் இரண்டு 1822 காசுகளில் ஒன்று அந்தப் பேழை வழியே வந்தது. மற்றது மருந்து நிறுவனக் குடும்பத்து வாரிசான ஜோசையா லில்லி சேர்த்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தங்கக் காசுகளில் ஒன்று. அவர் இறந்தபின் 55 லட்சம் டாலர் வரிச் சலுகைக்கு ஈடாக முழுத் தொகுப்பும் 1968-இல் நாட்டுக்கு வந்தது.

மூன்றாவது காசின் வழியில் ஒரு சுவாரசியமான மனிதர் வருகிறார். 1933 ஏப்ரலில் பொருளாதாரச் சரிவின் நடுவே அதிபர் ரூஸ்வெல்ட், மக்கள் தங்கக் காசுகளையும் கட்டிகளையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அரிய காசு சேகரிப்போருக்குச் சிறப்பு மதிப்புள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. அப்போது கருவூலச் செயலர் வில்லியம் வுடின். அவரே பெரிய நாணயச் சேகரிப்பாளர், நாணயங்களைப் பற்றி நூல் எழுதியவர். விலக்கில் அவர் கை இருந்தது என்று சேகரிப்போர் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். பால்டிமோர் நகரத்து வங்கிக்காரர் லூயி எலியாஸ்பர்க், தங்கம் வைத்துக்கொள்ள வேண்டுமானால் இனிப் பழங்காசாகத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று புரிந்துகொண்டார். முதலில் கணக்காக வாங்கியவருக்கு, பிறகு பித்தே பிடித்துவிட்டது. 1942-இல் ஒரு லட்சம் டாலர் கொடுத்து ஒரு பெரிய தொகுப்பை அப்படியே வாங்கினார். 1945-இல் அந்த 1822 காசு. 1950-இல், அமெரிக்காவில் அடித்த காசுகளில் அன்று தெரிந்த ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு நாணயச்சாலைக் குறியும் தம்மிடம் இருப்பதாக அவரால் சொல்ல முடிந்தது. வேறு யாருக்கும் அது கைகூடியதில்லை. அவர் மறைவுக்குப் பின் 1982-இல் அந்த ஒற்றைக் காசு 6,87,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் டெக்சாசின் பிரென்ட் போக். அதுதான் 2021-இல் 84 லட்சமானது.

இந்த விலைகளைச் சொல்லும்போது நம் அலுவலகத்தில் எல்லாருக்கும் கண் விரிகிறது. எனக்கு என்னவோ விலைப் பேச்சு சீக்கிரம் அலுத்துவிடுகிறது. எலியாஸ்பர்க்கைவிட எனக்குப் பிடித்தவர் டல்லஸ் நகரத்து ஹாரி பாஸ். 1998-இல் மறைந்தார். எல்லாரும் ஓர் ஆண்டுக்கு ஒரு காசு போதும் என்று நிறுத்தும் இடத்தில் இவர் தொடங்குவார். அன்றைய அச்சுகள் கையால் வெட்டியவை. நட்சத்திரமும் எழுத்தும் எண்ணும் தனித்தனிக் குத்துளியால் இறக்கியவை. எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இருக்காது. ஒரு நட்சத்திர முனை எழுத்தைத் தொடும், மற்றதில் தொடாது. அச்சு விரிசல் விட்டால் அந்த விரிசல் காசில் மேடாக விழும். காசுக்குக் காசு நீளும். மூக்கையும் நெற்றியையும் பார்த்தே இது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லும் கிராமத்துப் பாட்டியைப் போல, ஹாரி பாஸ் ஒரு காசைப் பார்த்தால் எந்த முன்பக்க அச்சும் எந்தப் பின்பக்க அச்சும் எந்தக் கட்டத்தில் சேர்ந்தன என்று சொல்வார். குறிப்புக் குறிப்பாக எழுதி வைத்தார். அவற்றைத் துணையாகக் கொண்டு ஜான் டான்ரூதர் 2006-இல் வெளியிட்ட நூல்தான் இன்று இந்தத் துறையின் பஞ்சாங்கம். ஒவ்வோர் அச்சு இணைக்கும் இருவர் பெயரின் முதலெழுத்தோடு ஒரு எண் தந்திருக்கிறார்கள். ஏலப் பட்டியல்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் காசை அடையாளம் காட்டுகின்றன.

பணம் உள்ளவர்கள் எந்தக் காலத்திலும் இருப்பார்கள். பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து எழுதியதால்தான், அந்தப் பழைய நாணயச்சாலையில் எந்த அச்சு முதலில் உடைந்தது, எது பிழைத்து எத்தனை ஆண்டு உழைத்தது என்று நமக்குத் தெரிகிறது. கட்டடமே இன்று இல்லை. அந்த இடத்தை வாங்கிய பிராங்க் ஸ்டூவர்ட் என்ற மின்சாதன வியாபாரி நகரத்துக்கே கொடுத்துப் பாதுகாக்கப் பார்த்தார். யாரும் அக்கறை காட்டாததால் 1911 வாக்கில் எல்லாம் இடிபட்டது. மிஞ்சியது காசுகளில் உள்ள தடயம்தான்.

சேகரிப்பைத் தொழிலாக அணுக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஆதித் தங்கத்தில் கள்ளப் பிரதிகள் ஏராளம். தரச்சான்று நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறையையே போலியாகச் செய்கிறார்கள். ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் இடும் முறையில் ஒரே ஒரு எண் ஏறினால் விலை இரட்டிப்பாகலாம்; எனவே அந்த எண்ணுக்காகச் செய்யும் தகிடுதத்தங்களும் உண்டு. பளபளப்பாக்கத் தேய்த்த காசு, துளையை அடைத்த காசு, சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்துப் பிறகு எடுத்த காசு, இவற்றையெல்லாம் பூதக்கண்ணாடிக்காரர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு காசின் மதிப்பு பாதாளத்துக்குப் போகும்.

இது நமக்கும் பொருந்தும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் அமெரிக்கக் காசு இருக்க வாய்ப்பு குறைவு. விக்டோரியா மகாராணி தலை போட்ட பவுன் காசோ, பாட்டியின் காசுமாலையிலிருந்து கழன்ற ஒன்றோ இருக்கலாம். கண்டெடுத்த மகிழ்ச்சியில் உடனே புளியைக் கரைத்துத் தேய்க்காதீர்கள். எலுமிச்சையும் சாம்பலும் பற்பசையும்கூட வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லதெல்லாம் பழங்காசுக்கு ஆகாது. மெல்லிய துணியில் சுற்றி, மற்றக் காசுகளோடு உரசாமல் வையுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள். முகத்தில் விரல் படவேண்டாம். உருக்கித் தோடு செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கொஞ்சம் பொறுங்கள், முதலில் ஆண்டைப் பாருங்கள்.

அடுத்த இதழில் வாசகர் வீட்டுப் பழங்காசுகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். இரு பக்கமும் தெரிய நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, அது உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். எடை தெரிந்தால் அதையும் எழுதுங்கள். படம் மட்டும் போதும். தயவுசெய்து காசையே உறையில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்